அப்பா முன்மொழிந்த தலைவர்

எங்கள் கிளை அலுவலகத்தின் மேற்குச் சுவரில் கட்சியின் தேசியத் தலைவர்கள் வரிசையாகத் தொங்குகிறார்கள். புதிய தலைவர் வந்தால் அவர் படம் கதவுக்குப் பக்கத்தில் இருக்கும் முதல் ஆணிக்கு வரும். அதுவரை அங்கே இருந்தவர் ஓர் ஆணி இடது பக்கம் தள்ளிப் போவார். அவருக்கு முன்னால் இருந்தவர் இன்னோர் ஆணி. இப்படித் தள்ளித் தள்ளி, மிகப் பழையவர் இப்போது ஜன்னலை ஒட்டி வெயிலில் வெளுத்துக்கொண்டிருக்கிறார். படங்களை ஆணி மாற்றுவது அப்பாவின் வேலை. யாரும் அதை அவரிடம் ஒப்படைக்கவில்லை. எஸ்டேட் தோட்டத்தில் நல்ல சுத்தியல் எங்கள் வீட்டில்தான் இருந்தது.

அலுவலகம் என்கிறேனே தவிர, அது பழைய ஆயாக்கொட்டகை. கித்தா மரத்தில் ரப்பர் பால் வெட்டப் போகிற பெண்கள் கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போன இடம். கித்தா போய் எண்ணெய்ச் செம்பனை வந்தது. தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்கள் ஒவ்வொன்றாகக் காலியாகி, பாதிப் பேர் கோல சிலாங்கூர் பக்கம் தாமான் குடியிருப்பு வீடுகளுக்கு வந்துவிட்டோம். கொட்டகை கட்சிக்கு மிஞ்சியது. உத்திரத்தில் தொட்டில் கட்டிய கொக்கிகள் இன்னும் இருக்கின்றன. அவற்றில் ஒன்றில்தான் மின்விசிறி தொங்குகிறது.

நான் அந்தக் கிளையின் செயலாளர் ஆனதற்குக் காரணம் மலாயில் நன்றாகக் கடிதம் எழுதுவேன் என்பதுதான். டிப்ளோமா முடித்துவிட்டு, புக்கிட் பெருந்துங்கில் ஒரு தொழிற்சாலையின் அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். அதுவரை செயலாளராக இருந்தவர் மகனோடு ரவாங் போய்விட்டார். கட்சியின் தொகுதி அலுவலகத்துக்கு இனி எல்லாவற்றையும் கணினியில் ஏற்றி அனுப்ப வேண்டும் என்று உத்தரவு வந்த நேரம். கிளைத் தலைவர், அரசாங்க மருத்துவமனையில் உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவர், வீட்டுக்கே வந்து கேட்டார். நான் யோசிக்கவே இல்லை. எனக்கு அப்போது அரசியல் பைத்தியம். கட்சியின் சட்டவிதிகளைக் கைப்பேசியில் இறக்கி, பேருந்தில் நின்றபடியே படித்து முடித்தவள் நான். எங்கள் கிளையில் அதைப் படித்த ஒரே ஆள் நான்தான் என்பது பிறகு தெரிந்தது.

இரும்பு அலமாரியில் பழைய கூட்டக் குறிப்பு நோட்டுகள் இருந்தன. ஒரு விடுமுறை நாளில் உட்கார்ந்து அத்தனையும் வாசித்தேன். கையெழுத்து மாறிக்கொண்டே போகிறது. தோட்டத்துக் கணக்கெழுதிய ஒரு கிராணியின் சாய்ந்த எழுத்து, ஓர் ஆசிரியரின் அச்சுப் போன்ற எழுத்து, ஒருவர் பச்சை மையில் எழுதியிருக்கிறார். ஆனால் எல்லா ஆண்டுக் கூட்டத்திலும் ஒரு வாக்கியம் மட்டும் மாறவே இல்லை. “தேசியத் தலைவரின் தலைமைத்துவத்துக்கு இக்கிளை முழு ஆதரவு வழங்குவதென ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது.” சுவரில் ஆணி மாறியிருக்கிறது. நோட்டில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. பெயரே இல்லை.

அப்பாவிடம் காட்டினேன்.

“பேரைப் போடாம எழுதிட்டா யாரு வந்தாலும் ஒட்டிக்கும் லா. நல்ல ஐடியாப்பா” என்றேன்.

அவர் நோட்டைக் கையில் வாங்கவில்லை. செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறவர். கையில் எப்போதும் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கும்.

“பேரு எழுதினாத்தான் ஆதரவா? அவரு தலைவரு. நாம கிளை. அவ்ளோதான்.”

“அவரு மாறிட்டா?”

“மாறுனா ஆணி அடிக்கிறேன்ல?”

நோட்டைத் திரும்பக் கொண்டுபோய் அலமாரியில் வைத்தேன்.

ஆனால் பெயர் சொல்ல வேண்டிய சந்தர்ப்பம் ஒன்று உண்டு. தேசியத் தலைவர் பதவிக்குத் தேர்தல் வரும்போது, ஒவ்வொரு கிளையும் கூடி ஒரு பெயரை முன்மொழிந்து, படிவத்தில் எழுதி அனுப்ப வேண்டும். வேட்பாளருக்கு இத்தனை கிளைகளின் பெயர் வேண்டும் என்று விதி. எங்கள் கிளையில் அந்தப் பெயரை எழுந்து நின்று சொல்வது கோயிலில் முதல் மாலை வாங்குவது மாதிரி. யார் சொல்வது, யார் வழிமொழிவது என்பது கூட்டத்துக்கு முன்பே தேநீர்க் கடையில் முடிவாகியிருக்கும். மற்றவர்கள் கை தூக்க வேண்டும். ‘ஏகமனதாக’ என்று கிளைத் தலைவர் சொன்ன பிறகுதான் பின்னால் சோற்றுச் சட்டியின் மூடியைத் திறப்பார்கள்.

பல காலமாகச் சொல்பவர் அப்பா. வழிமொழிபவர், டயர்க் கடை வைத்திருக்கும் அவருடைய கூட்டாளி. எனக்கு மாமா முறை.

அப்பாவுக்கு அந்த மரியாதை ஒரு டிராக்டரால் வந்தது. நான் பிறப்பதற்கு முன்பு, நீண்ட காலம் பதவியில் இருந்த தலைவர் ஒருமுறை எங்கள் தோட்டத்துக்கு வந்திருக்கிறார். மழை. முச்சந்தியில் காரின் பாதிச் சக்கரம் வரைக்கும் தண்ணீர். அப்பா டிராக்டரின் பின்பெட்டியில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு, அவரை உட்கார வைத்து ஓட்டி வந்தாராம். விழாமல் இருக்க அவர் வழி முழுக்க அப்பாவின் தோளைப் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறார். அந்த வருஷத்திலிருந்து அவருடைய பெயரை முன்மொழிவது அப்பா. நான் தொடக்கப் பள்ளியில் படித்தபோது, கூட்டத்துக்கு முதல் நாள் குளியலறையிலிருந்து அது கேட்கும். “நமது பாசத்துக்கும் மரியாதைக்கும் உரிய, மாண்புமிகு, தேசியத் தலைவர், டத்தோ ஸ்ரீ…” பிறகு பெயர், தகப்பனார் பெயரோடு. தண்ணீர் ஊற்றும் சத்தம். மறுபடியும் முதலிலிருந்து.

அவர் ஓய்வு பெற்ற பிறகு வந்தவர்கள் போட்டியில்லாமல் வந்தார்கள். மேலேயே பேசி முடித்துவிட்டார்கள். கிளைகளிடம் பெயர் கேட்கவில்லை. பெயரில்லாத அந்த வாக்கியமே போதுமானதாக இருந்தது. அப்பா அதை எழுந்து நின்று முன்மொழிவார், மாமா வழிமொழிவார், சட்டி திறக்கும்.

நான் செயலாளரான மறுவருஷம் போட்டி வந்தது. பதவியில் இருந்தவரை எதிர்த்து, அவருக்கு அடுத்த இடத்தில் இருந்தவரே நின்றார். நான் எதிர்த்து நின்றவர் பக்கம். ரவாங்கில் ஒரு மண்டபத்தில் அவர் பேசியதைக் கேட்டேன். மேடையை விட்டு இறங்கி, எங்கள் நடுவில் நின்று பேசினார். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் நானும் எங்கள் கிளையிலேயே இருந்த என் தோழி ஒருத்தியும் காரில் கத்திக்கொண்டே வந்தோம். தோழி அந்த மாதமே ஒரு வாட்ஸ்அப் குழுவைத் தொடங்கினாள். வட சிலாங்கூரில் அவருக்கு இத்தனை கிளை என்று தினமும் பட்டியல் போடுவாள். எங்கள் கிளைக்கு நேராக ஒரு கேள்விக்குறி இருந்தது. அது என் பொறுப்பு.

அப்பா பதவியில் இருப்பவர் பக்கம். அதற்குக் காரணம் எதுவும் கிடையாது. அவர் முதல் ஆணியில் இருந்தார்.

கூட்டத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது கிளைத் தலைவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

“இந்த வாட்டி போட்டிம்மா. தொகுதியிலேர்ந்து பார்வையாளர் வந்து உக்காருவாங்க. உங்கப்பாவுக்கு முன்ன மாதிரி இல்ல, நடுவுல நடுவுல மறந்துடுறாரு. நீ முன்மொழி. நல்லாப் பேசுற.”

“நான் அந்தப் பக்கம் இல்லையே தலைவரே.”

“எந்தப் பக்கமா இருந்தா என்ன? பேரு சொல்றது ஒரு வேலை.”

“எனக்கு அது வேலை இல்ல, கொள்கை.”

“சரி, கொள்கையை வச்சுக்க. நான் வேற ஆளைப் பாத்துக்கிறேன்.”

இது எப்படியோ இரண்டே நாளில் அப்பாவுக்குப் போய்விட்டது. அவர் சண்டை போடவில்லை. தேநீர்க் கடைக்குப் போவதை நிறுத்தினார். லோரியை மில்லில் விட்டதும் நேராக வீட்டுக்கு வந்து தொலைக்காட்சியை அணைத்துவிட்டு உட்கார்ந்திருப்பார். அம்மா என்னிடம், “போய்ச் சொல்லித் தொலை அந்தத் தலைவருகிட்ட. வீட்டுல ஒரு மனுசன் பேசாம இருந்தா எனக்குத் தலைவலி வருது” என்றாள்.

கிளைத் தலைவர் வீட்டுக்குப் போனேன்.

“அப்பாவே சொல்லட்டும். நான் பேரைப் பெருசா அடிச்சுத் தர்றேன்.”

“தப்பாச்சுன்னா?”

“என் பொறுப்பு.”

“உன் பொறுப்பு இருக்கட்டும். பார்வையாளர் முன்னாடி மானம் போனா, இதான் அவருக்குக் கடைசி. அப்புறம் கை தூக்குற வரிசையில உக்காந்துக்க வேண்டியதுதான். சொல்லிடு.”

சொன்னேன். அப்பா கேட்டுக்கொண்டார். அன்று மாலை அவருடைய வெள்ளைச் சட்டையை அவரே தேய்த்தார்.

பெயரை இருபத்தெட்டாம் அளவு எழுத்தில் அச்சடித்துக் கொடுத்தேன். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

“எடுத்துப் பாத்துப் படிங்கப்பா.”

“பாத்துப் படிக்க நான் என்ன செய்தியா வாசிக்கிறேன்?”

சனிக்கிழமை மதியம் அவர் லோரி கழுவிக்கொண்டிருந்தபோது என் திட்டத்தையும் சொல்லிவிட்டேன். மறைத்து வைத்துச் செய்வது எனக்குப் பிடிக்கவில்லை. அவர் பெயரைச் சொல்லி முடித்ததும், கை தூக்குவதற்கு முன் நான் எழுந்து இன்னொரு பெயரைச் சொல்வேன். விதியில் அதற்கு இடம் இருக்கிறது.

அவர் குழாயை நிறுத்தவில்லை.

“சொல்லு. கை தூக்க ஆளு இருக்கா?”

“அஞ்சு பேரு.”

“அதுல ரெண்டு பேரு சோத்துக்கு வர்றவங்க.”

“அப்ப உங்களுக்குக் கோவம் இல்லையா?”

“எனக்கு எதுக்குக் கோவம்? நான் சொல்லி முடிச்சப்புறம்தானே சொல்லப் போற. நடுவுல வராத, அது போதும்.”

ஞாயிறு காலை கொட்டகை நிறைந்துவிட்டது. நாற்பது பேருக்கு மேல். தாமான்களிலிருந்து கார்கள் வந்து செம்பனை வரிசைக்குள் நிழல் தேடி நின்றன. பின்னால் அம்மாவும் மகளிர் பிரிவும் நெய்ச்சோறு, கோழிப் பிரட்டல். அந்த வாசனையில் வரவேற்புரையை யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. பார்வையாளர் என்னைவிட நான்கைந்து வயது மூத்தவர். கருப்புக் கண்ணாடியைத் தலையில் ஏற்றிவிட்டுக் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அன்று அவருக்கு நான்கு கிளை. எங்களுடையது இரண்டாவது.

நான் மேடையின் ஓரத்தில் நோட்டோடு இருந்தேன். தோழி மூன்றாவது வரிசையிலிருந்து கட்டை விரலைக் காட்டினாள்.

“தேசியத் தலைவர் பதவிக்கு முன்மொழிதல்” என்றார் கிளைத் தலைவர்.

அப்பா எழுந்தார். பையிலிருந்து தாளை எடுக்கவில்லை. இரண்டு கைகளையும் பக்கவாட்டில் வைத்து, தாடையை உயர்த்தி ஆரம்பித்தார். நமது பாசத்துக்கும் மரியாதைக்கும் உரிய. குரலில் ஒரு தடுமாற்றமும் இல்லை. மாண்புமிகு. தேசியத் தலைவர். டத்தோ ஸ்ரீ. அந்த வேகத்திலேயே பெயர் வந்தது, தகப்பனார் பெயரோடு. நான் அதை அப்படியே எழுதினேன். எழுதி முடித்துப் பேனாவை மூடிவிட்டு, என் ஆளின் பெயரைச் சொல்வதற்காக எழுந்தும் விட்டேன். அப்போதுதான் நோட்டில் இருந்ததைப் படித்தேன்.

ஜன்னலுக்கு இரண்டு ஆணி இந்தப் பக்கம் தொங்குகிறவருடைய பெயர் அது. டிராக்டரில் வந்தவர். ஓய்வு பெற்று எத்தனையோ வருஷமாக வீட்டில் இருக்கிறவர்.

“வழிமொழிகிறேன்” என்றார் மாமா. அப்பாவின் சத்தம் நின்றதும் அவருக்கு வாய் தானாகத் திறக்கும்.

“ஆதரிப்போர்?” என்றார் தலைவர். அவர் சுருக்கமாக முடிக்க வேண்டும் என்ற பதற்றத்தில் இருந்தார்.

கைகள் எழுந்தன. முன்வரிசை, பின்வரிசை, கதவுக்கு வெளியே நின்றவர்கள், கரண்டியோடு ஒரு கை. எத்தனை பேர் கவனித்தார்கள், எத்தனை பேர் கவனிக்கவில்லை என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அங்கே இருந்த பாதிப் பேருக்குத் தலைவர் என்றால் அந்தப் பெயர்தான். அது அவர்கள் காதில் தவறாக விழுந்திருக்க வாய்ப்பே இல்லை.

நான் நின்றுகொண்டிருந்தேன். தோழி வாயசைத்தாள், சொல்லுடி என்று. நான் வாயைத் திறந்தால் எல்லோரும் முதலில் அப்பாவைத்தான் திரும்பிப் பார்ப்பார்கள். அதனால் உட்கார்ந்தேன். அது ஒரு காரணம். இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். பதவியில் இருப்பவருக்கு எங்கள் கிளையின் பெயர் போகாது என்று என் மனத்தின் ஒரு பக்கம் அந்த நொடியிலேயே கண்டுபிடித்துவிட்டது. சந்தோஷமாக இருந்தது.

“ஏகமனதாக” என்றார் தலைவர். சட்டியின் மூடி திறந்த சத்தம் கேட்டது.

அடுத்த கால் மணி நேரத்தில் விஷயம் எனக்கும் தலைவருக்கும் என் தோழிக்கும் மட்டும் தெரிந்திருந்தது. பார்வையாளருக்கு அம்மா இரண்டாம் முறை சோறு போட்டுக்கொண்டிருந்தாள். அவர் கை கழுவியதும் படிவத்தை வாங்கிக்கொண்டு தஞ்சோங் காராங் பக்கம் அடுத்த கிளைக்குப் போக வேண்டும். படிவத்தில் பெயர் எழுதும் கட்டம் காலியாக என் முன்னால் இருந்தது.

தலைவர் என் காதருகே குனிந்தார்.

“எழுதிட்டியாம்மா?”

“நோட்டுல எழுதிட்டேன்.”

“எந்தப் பேரு?”

“சொன்ன பேரு.”

“சொன்ன பேரை விடு. சொல்ல வந்த பேரை எழுது. யாரு கேக்கப் போறா?”

அவர் நகர்ந்ததும் தோழி வந்தாள். தட்டில் கோழிக்கால் இருந்தது.

“எப்படியும் பொய்தான் எழுதப் போற. நம்மாளு பேரை எழுதிடுடி. அந்தக் கேள்விக்குறியை எடுத்துடுறேன்.”

“சும்மா இரு.”

“விளையாட்டுக்குச் சொன்னேன் லா” என்றாள். முகத்தில் விளையாட்டு இல்லை.

அப்பா வேலியோரப் பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். போகிறவர் வருகிறவர் எல்லாம் அவர் தோளில் தட்டினார்கள். “கணீர்னு இருந்துச்சுண்ணே. மைக்கே வேணாம்.” அவர் ஒரு வாரத்துக்குப் பிறகு சிரித்துக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

“ப்பா. பேரு மாறிப் போச்சு.”

“எந்தப் பேரு?”

“நீங்க சொன்னது. பழையவரைச் சொல்லிட்டீங்க.”

பிசைந்த சோறு கையிலேயே நின்றது. அவர் திறந்த கதவு வழியாகச் சுவரைப் பார்த்தார்.

“அவரையா சொன்னேன்?”

“ஆமாப்பா.”

“முழுப் பேருமா?”

“அவங்கப்பா பேரோட.”

“மச்சான் வழிமொழிஞ்சானே?”

“வழிமொழிஞ்சாரு.”

“அவனும் கவனிக்கலையா, கழுதை.”

பிசைந்த சோற்றைத் தட்டிலேயே வைத்தார். பிறகு, “நீ எழுந்து நின்னியே, எதுக்கு?” என்று கேட்டார்.

“எங்காளு பேரைச் சொல்ல.”

“அப்புறம் ஏன் உக்காந்த?”

நான் நோட்டை மூடினேன். பதில் சொல்லியிருந்தால் முதல் காரணத்தை மட்டும்தான் சொல்லியிருப்பேன்.

அவர் எழுந்து கை கழுவினார். நேராகத் தலைவரிடம் போனார். நான் நோட்டோடு பின்னால் போனேன்.

“தலைவரே, திரும்பக் கூட்டுங்க. நான் தப்பாச் சொல்லிட்டேன்.”

தலைவருக்கு முகம் வேர்த்தது. பார்வையாளரை ஒருமுறை பார்த்துக்கொண்டார். “யாரைக் கூட்டுறது? பாருங்க.”

பார்த்தோம். சாப்பிட்டவர்கள் போய்விட்டார்கள். எங்கள் ஊரில் இலை எடுத்த பிறகு கூட்டம் நிற்காது. செம்பனை நிழலில் நான்கு கார்கள் மிச்சம். மகளிர் பிரிவோடு சேர்த்து எண்ணினாலும் விதிப்படி வேண்டிய ஆள் இல்லை.

“அதனாலதான் சொல்றேன்” என்றார் தலைவர், மெதுவாக. “பேப்பர்ல சரி பண்ணிக்கலாம். உங்க பொண்ணு கையிலதானே இருக்கு? யாருக்கும் தெரியாது, உங்களுக்கும் அசிங்கம் இல்ல.”

அப்பா சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தார். நான் அச்சடித்துக் கொடுத்த தாள் அங்கேயே இருந்தது.

“நாப்பது பேரு கை தூக்கினாங்க” என்றார். “அவங்க தூக்கினது நான் சொன்ன பேருக்கு. நீங்க எழுதச் சொல்ற பேருக்கு யாரு தூக்கினா?”

“அப்ப இதான் கடைசி. உங்க பொண்ணுகிட்டச் சொல்லி அனுப்பினேன்.”

“சொல்லுச்சு.” பிறகு என் பக்கம் திரும்பினார். “எழுதினபடி குடும்மா.”

எழுதிக் கொடுத்தேன். பார்வையாளர் பல் குத்திக்கொண்டே படிவத்தைப் படித்தார். மறுபடியும் படித்தார். கருப்புக் கண்ணாடி தலையிலிருந்து மூக்குக்கு இறங்கியது.

“இவர் ரிட்டயர் ஆயிட்டாரே?”

டயர்க் கடை மாமா மட்டும், கடமை மாதிரி, “எங்க கிளையில இன்னும் ரிட்டயர்மெண்ட் குடுக்கல லா” என்றார்.

பார்வையாளர் தோளைக் குலுக்கிவிட்டுக் கையெழுத்துப் போட்டார். நோட்டில் என்ன இருக்கிறதோ அதுதானே படிவத்தில் இருக்க வேண்டும், அது சரியாகவே இருந்தது.

இரண்டு வாரத்தில் தொகுதியிலிருந்து கடிதம் வந்தது. முன்மொழியப்பட்டவரின் சம்மதம் இணைக்கப்படாததால் எங்கள் கிளையின் முன்மொழிவு செல்லாது. துளை போட்டுக் கோப்பில் வைத்தேன். அதற்குள் விஷயம் பரவிவிட்டது. வாட்ஸ்அப்பில் அந்தப் பழைய தலைவரின் படத்தைப் போட்டு, ‘கோல சிலாங்கூரின் நம்பிக்கை நட்சத்திரம்’ என்று யாரோ எழுதினார்கள். மில்லில் குலை இறக்கும் ஆட்கள்கூட அப்பாவிடம், “என்னண்ணே, உங்காளு ஜெயிச்சாச்சா?” என்று கேட்டார்களாம். அப்பா, “எண்ணிக்கிட்டு இருக்காங்க” என்று சொல்லப் பழகிக்கொண்டார். தேநீர்க் கடைக்கு ஒரு மாதம் போகவில்லை. பிறகு போனார். ஆனால் அதற்கடுத்த ஆண்டுக் கூட்டத்தில் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தார். முழு ஆதரவுத் தீர்மானத்தை வேறு யாரோ முன்மொழிந்தார். மாமா வழிமொழிந்தார். அப்பா மற்றவர்களோடு கை தூக்கினார். அவர் கையைப் பார்க்காமல் நான் எழுதிக்கொண்டிருந்தேன்.

தேசியத் தேர்தலில் பதவியில் இருந்தவரே ஜெயித்திருந்தார். எங்கள் ஒரு கிளையால் எதுவும் ஆகவில்லை. தோற்ற மறுவாரம் என் ஆள் அவரோடு கைகோத்துப் படம் எடுத்துக்கொண்டார். அதே குழுவில் அந்தப் படம் வந்தது. தோழி ஒரு பூங்கொத்து அனுப்பினாள். பிறகு குழுவே அமைதியாகிவிட்டது. நான் கொஞ்ச நாள் அரசியலைப் பற்றிப் பேசாமல், ஆற்றோர மின்மினிப் பூச்சிகளைக் காப்பாற்றும் ஒரு குழுவில் சேர்ந்து சுற்றினேன். மின்மினிகள் யாரோடும் கைகோப்பதில்லை.

ஆனால் செயலாளர் வேலையை விடவில்லை.

முன்பெல்லாம் ஒரு தலைவர் ஒரு தலைமுறைக்கு இருப்பார். இப்போது வேகமாக மாறுகிறார்கள். ஜெயித்தவர் தவணை முடியும் முன்பே விலகினார். மறுபடியும் கிளைகளிடம் பெயர் கேட்டுச் சுற்றறிக்கை வந்தது. இந்த முறை முன்னால் நின்றவர் என் பழைய ஆள். அப்பா சுத்தியலோடு போய், விலகியவரை இரண்டாவது ஆணிக்கு மாற்றி, எல்லோரையும் ஒவ்வொரு இடம் தள்ளிவிட்டு வந்தார். முதல் ஆணி காலியாக இருந்தது.

கிளைத் தலைவர் மறுபடியும் என்னைக் கேட்டார். “இப்ப உன் ஆளுதானே? நீயே முன்மொழி.”

மாட்டேன் என்றேன். பதிலுக்கு ஒரு நிபந்தனை வைத்தேன். யார் சொல்வது என்று முன்கூட்டியே கடையில் பேசக் கூடாது. கூட்டத்தில் கேட்க வேண்டும். விரும்புகிறவர் எழுந்து சொல்லட்டும். வேறு பெயர் உண்டா என்று கேட்ட பிறகுதான் கை தூக்க வேண்டும். விதியில் அப்படித்தான் இருக்கிறது என்று கைப்பேசியைக் காட்டினேன். அவர் கண்ணாடி இல்லாமல் அதைப் படித்த மாதிரி தலையாட்டினார்.

கூட்ட நாளன்று அவர் வாக்குத் தவறவில்லை.

“தேசியத் தலைவர் பதவிக்கு யார் முன்மொழிய விரும்புறீங்களோ, சொல்லலாம்.”

ஒருவரும் அசையவில்லை. தனக்கு என்று ஒதுக்காத மரியாதையை எடுத்துக்கொள்ள எங்கள் ஆட்களுக்கு வராது. ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். தரையைப் பார்த்தார்கள். தொட்டில் கொக்கியில் மின்விசிறி கிறீச்சிட்டுக்கொண்டிருந்தது. இந்த முறை வந்த பார்வையாளர் கடிகாரத்தைப் பார்த்தார். பின்னாலிருந்து அம்மாவின் குரல், “சோறு ஆறுது!”

கொஞ்சம் கொஞ்சமாக எல்லாத் தலையும் மூன்றாவது வரிசைக்குத் திரும்பியது. தலைவரும் அங்கேதான் பார்த்தார். கடைசியில், “உங்களுக்குச் சொல்ல விருப்பமாண்ணே?” என்று கேட்டார். அவர் அப்பாவை அண்ணே என்று அதுவரை கூப்பிட்டதில்லை.

அப்பா உட்கார்ந்தபடியே என்னைப் பார்த்தார்.

“பேப்பர் இருக்கா?”

இருந்தது. இருபத்தெட்டாம் அளவு எழுத்தில் அடித்து நோட்டுக்குள் வைத்திருந்தேன், யார் சொன்னாலும் உதவும் என்று. எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்தேன். அவர் எழுந்து, சட்டைப் பையிலிருந்து படிக்கும் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டார். லோரி உரிமம் புதுப்பிக்கும் நாளைத் தவிர வேறெதற்கும் அவர் அதைப் போட்டு நான் பார்த்ததில்லை. தாளை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு, எழுத்துக் கூட்டுகிற வேகத்தில் ஆரம்பித்தார்.

“நமது பாசத்துக்கும்… மரியாதைக்கும் உரிய… மாண்புமிகு…”

பழைய கணீர் இல்லை. ஒவ்வொரு சொல்லுக்குப் பிறகும் கண் தாளில் அடுத்த சொல்லைத் தேடிப் போனது. கூட்டம் முதல் முறையாக ஒரு முன்மொழிதலைக் கேட்டது.

“டத்தோ ஸ்ரீ…” என்று சொல்லி நிறுத்தி, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார்.

சத்தம் நின்றதும் மாமாவுக்கு வாய் திறந்துகொண்டது. “வழிமொழிகிறேன்!”

கொட்டகையே சிரித்தது. பார்வையாளரும் சிரித்தார். அப்பா தாளிலிருந்து கண்ணை எடுக்காமல் ஒரு கையை மட்டும் உயர்த்தினார்.

“இரு மச்சான். இன்னும் பேரே வரல.”

நான் பேனாவை நோட்டின் மேல் வைத்துக்கொண்டு காத்திருந்தேன்.